செல் சாகும் விதம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். நோய் எதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ளச் சுரக்கும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். அளவோடு சுரந்தால் கிருமிக்கு ஆபத்து, அளவு மீறினால் நமக்கு. சரி, இத்தனை சைட்டோகைன்களில் ஆளைக் கவிழ்ப்பது எது?

இதைத் தேடிப் போனவர் திருமலாதேவி கன்னெகண்டி. தெலங்கானாக்காரர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் ஆய்வுக்குழு நடத்துகிறார்.

கோவிட் நோயாளிகளிடம் எகிறியிருந்த சைட்டோகைன்களை அவர் குழு எலியின் எதிர்ப்பு செல்கள்மீது ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தது. நம் ஊரில் டோசிலிசுமாப் ஊசிக்காக மக்கள் அலைந்தார்களே, அந்த மருந்து தடுக்கும் இன்டர்லூகின்-6 உட்பட, எதுவும் தனியாக செல்களைப் பெரிதாகக் கொல்லவில்லை. டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் காமா ஆகிய இரண்டு சைட்டோகைன்களையும் சேர்த்து ஊற்றியபோதுதான் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. இரண்டும் சேர்ந்தால் செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடு பெருகுகிறது. அது, செல்லைச் சாகடிக்கும் காஸ்பேஸ்-8 என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. இரண்டையும் எதிர்பொருள் கொண்டு தடுத்தபோது, கொரோனா கிருமி ஏற்றிய எலிகளில் கணிசமானவை பிழைத்தன. 2021-இல் ‘செல்’ இதழில் இது வெளியானது.

செல் சாவதில் பல விதம் உண்டு. அப்போப்டோசிஸில் செல் சந்தடியில்லாமல் சுருங்கிப் போய்விடும். பைரோப்டோசிஸிலும் நெக்ரோப்டோசிஸிலும் அது வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டி அழற்சியைக் கிளப்பும். மூன்றும் தனித்தனிப் பாதை என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2016-இல் கன்னெகண்டி குழு இன்ஃப்ளூயன்சா கிருமியை மோப்பம் பிடிக்கும் இசட்.பி.பி.1 என்ற புரதத்தை ஆராய்ந்தது. அந்த ஒரே புரதம் மூன்று பாதைகளையும் திறந்துவிட்டது! ஒரு பாதையை மட்டும் அடைத்தால் செல் வேறு பாதையில் செத்துப்போகும். மூன்றும் பின்னிக்கிடக்கும் இந்தச் சாவுக்கு 2019-இல் ‘பேனாப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மேலே சொன்ன சைட்டோகைன் சோதனையில் செல்கள் செத்ததும் இப்படித்தான். இதைத் தனி வகையாகக் கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. பெயர் எப்படியோ போகட்டும். பாதைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்புறம், எலியில் பலித்ததெல்லாம் மனிதனிலும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. இன்டர்ஃபெரான் காமாவைத் தடுக்கும் எமபலுமாப் மருந்துக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி தந்தது, ஓர் அரிய நோய்க்காக. ஆனால் காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் இதே இரண்டு சைட்டோகைன்கள்தான். அதனால்தான் டி.என்.எஃப். தடுப்பு ஊசி போடுவதற்கு முன்னால், உடம்பில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதிக்கிறார்.