சொல்லுக்குச் சாட்சி தேடியவர்

அன்பர்களே, வணக்கம்.

இத்தாலியின் பாதுவா நகரில் ஒரு குருமடம், அதாவது கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி. அங்கே ஏழைக் குடும்பத்திலிருந்து 1704இல் படிக்க வந்து சேர்ந்தவர் எகிதியோ ஃபோர்செல்லினி. லத்தீன் அகராதிக் கலை அவருக்குப் பட்டிருக்கும் கடனைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் எல்லார் கையிலும் இருந்தது 1502இல் இத்தாலியத் துறவி கலேபினோ தொகுத்த லத்தீன் அகராதி. இருநூறு ஆண்டுகளாகப் பலர் கை பட்டு அது பெருத்துக்கொண்டே போனது. பிழைகளும் கூடவே பெருத்தன. ஆசிரியர் ஃபாச்சொலாத்தியும் மாணவர் ஃபோர்செல்லினியும் அதைத் திருத்த உட்கார்ந்தார்கள். ஒட்டுப்போட்டுக் கட்டுப்படியாகாது என்பது தெரிந்துபோயிற்று. சரி, அடித்தளத்திலிருந்தே புதிதாக எழுதுவோம் என்று இறங்கினார்கள்.

ஃபோர்செல்லினி முந்தைய அகராதிகளை நம்பி உட்காரவில்லை. பழைய லத்தீன் நூலாசிரியர்களின் நூல்களையே படித்தார். கல்வெட்டுகளையும் நாணயங்களையும்கூட விடவில்லை. அவருடைய அகராதியில் ஒரு சொல்லுக்கான பதிவைப் பாருங்கள். சொல்லுக்கு இத்தாலியத்திலும் கிரேக்கத்திலும் பொருள் இருக்கும். நேர்ப்பொருள் முதலில், அதிலிருந்து கிளைத்த பொருள்கள் பின்னால். ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், அது எந்த ஆசிரியர், எந்த நூல், எந்த இடம் என்ற குறிப்போடு. சந்தேகம் வந்தால் வாசகர் மூலத்தையே புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

இத்தனைக்கும் அது அவருடைய முழுநேர வேலை இல்லை. 1724 முதல் 1731 வரை செனேதா என்ற ஊரின் குருமடத்தின் தலைமைப் பொறுப்பு அவருடைய நேரத்தை விழுங்கியது. பாதுவாவுக்குத் திரும்பிய பிறகு மாணவர்களின் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. “இளைஞனாக இதில் கை வைத்தேன், முடிப்பதற்குள் கிழவனாகிவிட்டேன், நீங்களே பார்க்கிறீர்கள்” என்று முன்னுரையில் எழுதினார். 1768இல் இறந்துபோனார். அகராதி நான்கு பெரிய தொகுதிகளாக அச்சேறியது 1771இல். அச்சில் அதை அவர் பார்க்கவே இல்லை.

அதன் முகப்பில் ஃபாச்சொலாத்தியின் பெயர்தான் முதலில். திட்டமும் மேற்பார்வையும் அவருடையவையாம், உழைப்பு ஃபோர்செல்லினியுடையதாம். எனக்கு இது மனதை அறுக்கிறது. பின்னால் வந்த ஜெர்மானியர் ஃப்ராய்ண்டின் அகராதி இந்த நூலின் மேல்தான் எழுந்தது. ஃப்ராய்ண்டிலிருந்து 1879இல் லூயிஸ்–ஷார்ட் என்ற லத்தீன்–ஆங்கில அகராதி வந்தது. இன்றும் லத்தீன் படிப்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். ஃபோர்செல்லினி தேடிப் பிடித்த மேற்கோள்கள் அதற்குள்ளும் இருக்கின்றன.