சித்திரமும் சுவரைத் தாங்கும்

(கடலூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேரன்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, வெயில் தாழ்வதற்கு முன்பே வந்து முதல் வரிசையை அணிசெய்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்திலும் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட மருத்துவர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கிக்கும் சுக்குக் காபிக்கும் பொறுப்பேற்ற மஞ்சக்குப்பத்து வணிகப் பெருமக்களே, நூலகர் அம்மையார் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சென்ற முறை ஒருவர் பெயரை விட்டுவிட்டேன் என்று அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆகவே இம்முறை எவர் பெயரையும் சொல்லாமல் எல்லோரையும் சமமாக வணங்கிவிடுகிறேன்.

மன அழுத்தத்துக்கு ஓவியம் எப்படி உதவும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். வரையும்போது உடலில் என்ன நிகழ்கிறது, நம் வீட்டு மரபில் இதற்கு என்ன இடம், ஓய்வுபெற்ற முதியோர் எப்படித் தொடங்கலாம் என்று மூன்று செய்திகளைச் சொல்லக் கருதியிருக்கிறேன்.

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது நம் முன்னோர் மொழி. உடம்பைப் பேணச் சொல்லும் நல்ல மொழிதான். ஆனால் நாம் அதை எப்படிப் புரிந்துகொண்டோம்? முதலில் வேலை, சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளை கல்யாணம் என்று சுவரை எழுப்பி முடிப்போம், சித்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றல்லவா ஒதுக்கிவிட்டோம்? அந்தப் பழமொழியோடு எனக்கு நாற்பது ஆண்டுப் பிணக்கு உண்டு. அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

நான் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன். மார்ச் கடைசி வாரம் என்றால் என்னவென்று அங்கே பணிபுரிந்தவர்களுக்குத்தான் தெரியும். செலவழிக்காத ஒதுக்கீடு 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும் என்பதால், பதினொரு மாதம் உறங்கிய அலுவலகங்களெல்லாம் அந்த ஒரு வாரத்தில் பட்டியல்களைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டும். அப்படி ஒரு மார்ச்சில், நான்கு முறை கூட்டியும் நான்கு விடை வந்த ஒரு பட்டியலின் முன்னால், கை நடுங்க, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன். மீந்த தயிர்சாதத்துக்காக நாள்தோறும் வரும் காகம் ஜன்னல் கம்பியில் வந்து அமர்ந்தது. என்னையறியாமல் அந்தப் பட்டியலைத் திருப்பி, பின்பக்கத்தில், மையால், அந்தக் காகத்தை வரைந்துவிட்டேன். அலகு, கழுத்தின் சாம்பல் நிறம், ஒருபுறம் சாய்ந்த தலை எல்லாம் வந்துவிட்டன. பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூச்சு சீரானது, தாளைத் திருப்பிக் கூட்டினால் தொகையும் சரியாக வந்தது. மகிழ்ச்சியில் காகத்தை மறந்து பட்டியலை அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துத் தணிக்கையிலிருந்து கடிதம் வந்தது. ‘மேற்படி பட்டியலின் பின்பக்கத்தில் காணப்படும் பறவை எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதற்கு விளக்கம் தேவை.’ மேலதிகாரி என்னை அழைத்தார். பணிநீக்கமே வந்துவிட்டது என்று எண்ணிப் போனேன். மூன்று முறை வரைவு எழுதிக் கிழித்த பின், ‘மேற்படி பறவையால் அரசுக்குச் செலவினம் ஏதும் ஏற்படவில்லை எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது’ என்று பதில் எழுதினேன். அதிகாரி அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கையெழுத்திட்டார். தணிக்கைத் தடையும் நீக்கப்பட்டது. நான் எழுந்தபோது, “ஏங்க, காகத்துக்கு எங்கிருந்து தொடங்கணும், அலகிலிருந்தா வாலிலிருந்தா?” என்று மெல்லக் கேட்டார். அவருக்கும் மார்ச் மாதம் இருந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று என் சுவரை விழாமல் தாங்கியது அந்தச் சித்திரம். இது என் ஒருவனுடைய அனுபவம் அன்று. காசநோய்க்காக 1938இல் மருத்துவமனையில் படுத்திருந்த ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர், படுக்கையில் வரைந்து தன் மனத்தைத் தேற்றிக்கொண்டு, பிற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942இல் இதற்குக் ‘கலைச் சிகிச்சை’ என்று பெயரிட்டவர் அவரே. அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்குக் களிமண்ணும் வண்ணப் பேனாவும் வெட்டி ஒட்டத் தாளும் கொடுத்து, 45 நிமிடம் விருப்பம்போல் ஏதேனும் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அதில் வேறுபாடு இல்லை என்பதுதான் 2016இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி. சிறிய ஆய்வுதான், சிலருக்குக் கார்டிசால் கூடியும் இருந்தது. ஆகவே, உறக்கமும் பசியும் கெட்டு உயிரே வெறுத்திருப்பவரிடம் தூரிகையைக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. அவருக்கு மருத்துவர் வேண்டும், 14416 என்ற இலவச மனநல உதவி எண் வேண்டும்.

இரண்டாவது செய்திக்கு நெடுந்தொலைவு போக வேண்டாம். மார்கழியில் நம் தெருவைப் பாருங்கள். புள்ளியைத் தவறாமல் வைத்து, கோட்டைக் கையெடுக்காமல் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்க்கும் சிக்குக் கோலத்தைப் போடுகிறவர், அந்த அரைமணி நேரம் மாமியாரையும் மாதத் தவணையையும் நினைக்க இயலாது. பண்ருட்டியில் கொலு பொம்மைக்குக் கண் எழுதுகிறவரும் அப்படித்தான்.

இந்த ஊருக்கு அலுவலக அழுத்தம் மட்டுமா? 2004இல் சுனாமி, 2011இல் ‘தானே’ புயல், 2015இல் வெள்ளம். சுனாமிக்குப் பிந்தைய முகாம் ஒன்றில் ஒரு சிறுவன் வீட்டுக் கூரையின்மேல் படகு நிற்பதாக வரைந்திருந்தான். கற்பனை வளம் என்று பாராட்டினோம். “இல்லை சார், அது எங்க படகு” என்றான். ஒரு வாரமாக வாய் திறக்காத பிள்ளை அன்றுதான் பேசினான்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒரு தாள் கிடைத்தது. இப்போது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். 2012இல் தமிழ்நாட்டு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலியவற்றுக்காக, மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு நியமித்தது. பின்னர் ஊதியம் படிப்படியாக உயர்ந்தது. ஆயினும் வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் வரும் ஓவிய ஆசிரியர் எத்தனை வகுப்புக்குத்தான் முகம் காட்டுவார்? அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் முதலில் கடன் வாங்குவது ஓவியப் பாடவேளையைத்தான். அந்தக் கடன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தேர்வுக் காலத்தில்தானே பிள்ளைக்கு அழுத்தம் மிகுதி? சுவர் விரிசல் விடும் நேரம் பார்த்துச் சித்திரத்தைப் பிடுங்குகிறோம்.

ஆகவே, ஓவிய ஆசிரியர்களை முழுநேரமாக்க வேண்டும் என்றும், பத்தாம் வகுப்பு வரை வாரத்தில் இரண்டு ஓவியப் பாடவேளைகளை வேறு எந்தப் பாடத்துக்கும் தாரைவார்க்கக் கூடாது என்றும், அந்தப் பாடவேளையில் வரைந்ததற்கு மதிப்பெண் போடவே கூடாது என்றும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுவதாக மேடைக்கு வரும் வழியில் வாக்களித்தார். இத்தனை பேர் முன்னிலையில் அதை நினைவூட்டுவதற்காக அவர் பொறுத்தருள வேண்டும்.

முதியோர் பற்றிய மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு வாசலில் இருக்கிறது; பேனாவை நூலால் கட்டிவைத்திருக்கிறோம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது என்றாலும், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற தாள் அது. காகம் வரைய விரும்புகிறவர்களுக்குப் பக்கத்திலேயே தனியாக வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.