அப்பா கல்யாண மொய் நோட்டில் ஆத்தா பிறந்த ஊர்

வணக்கங்க, எல்லோரும் சௌக்கியமா? குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அப்பாரு (அப்பாவின் அப்பா) வழியில் ஐந்தாறு தலைமுறைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது, ஆத்தா (அப்பாவின் அம்மா) வழியில் ஒன்றுமே கிடைப்பதில்லையே, என்ன செய்வது? இன்றைக்கு அதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

நம் கொங்குப் பக்கத்தில் கூட்டம் (குலப் பிரிவு), குலதெய்வம், காணி (பரம்பரை நில உரிமை) எல்லாமே ஆண் வழி. குலதெய்வக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தால் வயசான பங்காளி யாராவது கடகடவென்று பெயர்களைச் சொல்லிவிடுவார், அதிலும் பேரனுக்கு அப்பாரு பெயரையே வைக்கிற வழக்கம் இருப்பதால் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், நிறையப் பேர் அங்கேயே இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் கல்யாணமாகிப் போன பெண் புருஷன் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறாள். பிறந்த வீட்டுப் பட்டியலிலும் அவள் இல்லை, புகுந்த வீட்டுப் பட்டியலில் "சம்சாரம்" என்று ஒரு வார்த்தை இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

அதனால் நான் முதலில் கேட்பது மொய் நோட்டைத்தான். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள், யாரும் அதை வரலாறு என்று நினைத்து எழுதவில்லை, அதனாலேயே அதில் பெருமைக்காகச் சேர்த்தது எதுவும் இருக்காது. அப்பா கல்யாண நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அப்பாவின் தாய்மாமன் வரியைக் கண்டுபிடியுங்கள். அவர் ஆத்தாவுக்குக் கூடப் பிறந்தவர் அல்லவா, அப்படியென்றால் அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ஊர்தான் பெரும்பாலும் ஆத்தா பிறந்த ஊர். அப்பாருவின் கல்யாண நோட்டு கிடைத்தால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போகலாம். அட்டை கிழிந்து தேதி இல்லாமல் கிடக்கும் நோட்டா? தொகையைப் பாருங்கள். புதுப் பைசா 1957இல்தான் வந்தது, அதனால் பக்கம் முழுக்க அணாக்கணக்காக இருந்தால் அந்த ஆண்டையொட்டியோ அதற்கு முன்போ நடந்த விசேஷம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பத்திரங்கள். தமிழ் வருஷத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். கீலக வருஷம் என்றால் 1908ஆகவும் இருக்கலாம், 1968ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் ராஜா தலையா, அசோகச் சிங்கமா என்று பார்த்தால் முடிந்தது. "தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தோம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம், அதை யாராவது 1936 என்று போட்டுவிட்டால் ஒரு குடும்பமே அறுபது வருஷம் தள்ளிப் பிறந்துவிடும்! ஜில்லா பெயரிலும் இதே குழப்பம்தான். தாராபுரத்துக்காரர்கள் பழைய பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா, 1979க்குப் பிறகு பெரியார் மாவட்டம், அது பின்னால் ஈரோடு மாவட்டம் ஆனது, 2009 முதல் திருப்பூர். ஆள் நகரவே இல்லை.

பத்திரத்தில் பெண் பெயர் எங்கே வரும் என்றால், புருஷன் இறந்து பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால், "மைனர்களுக்குக் கார்டியன் தாயார்" என்று அவள் பெயரும் கைரேகையும் இருக்கும். செக்குபந்தியையும், அதாவது நிலத்தின் நான்கு பக்க எல்லை விவரத்தையும் விடாதீர்கள், பக்கத்துப் பூமிக்காரர்கள் பாதிப் பேர் பாகம் பிரிந்த பங்காளிகளாகத்தான் இருப்பார்கள். நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூட அட்மிஷன் பதிவேடு, மில் வேலைப் புத்தகம், கருமத்தம்பட்டி மாதிரிப் பழைய கிறிஸ்தவக் கோயில் பங்குக்காரர்கள் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு, இப்படித்தான் தேட வேண்டும்.

இனி, பகிர்வது. சொந்தக்காரர்கள் குரூப்பில் அழகாக வரைந்த மரத்தைப் போடுகிறார்கள், உச்சியில் ஒரு ராஜா வேறு! எனக்கு அந்த மரம் வேண்டாங்க. எந்த நோட்டில், யார் வீட்டில், எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், நான்கு பேர் சரிபார்த்துக்கொள்ளலாம். வாய்ச்சொல்லாக வந்ததை வாய்ச்சொல் என்றே எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்கள் பிறந்த தேதி, சர்வே நம்பர், கைரேகை மூன்றையும் மறைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, அத்தைமார் வீட்டில் கேட்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று நம் மாநிலத்தில் 1989இல் சட்டம் வந்ததிலிருந்து, "பெரியத்தை பெயர் என்னங்க?" என்று கேட்டாலே எதற்கு இதெல்லாம் என்று மாமன் மச்சான்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் பத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். கல்யாண ஆல்பத்தையும் மொய் நோட்டையும் கேளுங்கள், கதை தானாக வரும், பலகாரமும் வரும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்வார்கள், போகியில் முதலில் நெருப்புக்குப் போவது இந்த நோட்டுகள்தான். அதற்கு முன்னால் போய்ப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் ஊர்ப் பெயர் வெட்டுப்படாமல் முழுப் பக்கமாக எடுங்கள். அடுத்த வீடியோவில் பழைய கையெழுத்தைப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம், வரட்டுங்களா?