நுரைக்கு அடியில் ஓடும் தென்பெண்ணை

வணக்கம். பெங்களூரில் அல்சூரிலோ சிவாஜி நகரிலோ இருந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால், இன்று காலை நீங்கள் துணி அலசிக் கொட்டிய தண்ணீர் பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று இறங்கித் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும். அங்கே நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நுரையை விடுங்கள், அது கண்ணுக்காவது தெரிகிறது.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறக்கும் மழையாறு. 1974இல் காவிரித் தண்ணீர் குழாய் வழியே பெங்களூருக்கு வந்தது. ஊர் பெருகப் பெருக அதுவும் பெருகியது. குடித்து, குளித்து, கழுவிவிட்ட அந்தத் தண்ணீரில் ஒரு பங்குதான் இன்று கோடையிலும் இந்த ஆற்றை ஓட வைக்கிறது. காவிரிக்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறோம், அதே காவிரி பின்வாசல் வழியாகச் சோப்போடு தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது!

சரி, சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டனவே என்பீர்கள். வந்தது நல்லதுதான். ஆனால் அங்கே சாக்கடையில் இருக்கும் அம்மோனியாவில் பெரும்பகுதி மறைவதில்லை, நைட்ரேட்டாக மாறுகிறது. சாதாரண நிலையத்தில் பாஸ்பேட் பெரிதாகக் குறையாது, உப்பில் இருக்கும் குளோரைடு அசையவே அசையாது. ஆக, அறிக்கையில் அம்மோனியா இறங்கியதைப் பார்த்து ஆறு தேறிவிட்டது என்கிறார்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

பாசி இருந்தால் ஆக்ஸிஜன் கணக்கும் ஏமாற்றும். குளிக்கிற தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் கரைந்த ஆக்ஸிஜன் வேண்டும் என்பது இங்குள்ள அளவுகோல். பகலில் பாசி ஆக்ஸிஜனை விடும், இரவெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். இதைச் சோதிக்க, பாட்டிலில் தண்ணீர் பிடித்து மாங்கனீசு சல்பேட்டும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் விட்டால் ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நின்றுவிடும். நண்பகலில் நல்ல பழுப்பு காட்டும் அதே இடம் விடியற்காலையில் வெளுத்துக் கிடக்கலாம். மாதிரி எடுக்கிறவர்களோ ஆபீஸ் நேரத்தில்தான் வருவார்கள்.

இன்னொன்று, முதல் மழை. தண்ணீர் பெருகினால் எல்லாம் நீர்த்துப்போகும் என்று நினைப்போம், ஆனால் அடியில் படிந்த சேற்றைக் கிளறி, அதில் ஒட்டியிருந்த சோப்பையும் பாஸ்பேட்டையும் அது மேலே கொண்டுவரும். அப்புறம் வெள்ளம் ஓடினால்தான் அளவுகள் இறங்கும்.

அதனால் யாராவது ஆற்றுத் தண்ணீரின் தரம் பற்றிப் பத்து வருட கிராஃப் காட்டினால், மாதிரி எடுத்த இடம், மணி, மாதம், அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று கேளுங்கள். கோடை ஏப்ரலையும் மழைக்கால அக்டோபரையும் ஒரே கோட்டில் இழுத்திருந்தால் அந்தக் கோட்டை நான் நம்பமாட்டேன்.