கோழிக்கு உண்டு, மாமனுக்கு இல்லை

(மோகனூரில் ஓய்வூதியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, தொண்ணூறு வயதிலும் முன்வரிசையில் உட்கார்ந்து என் ஒற்றுப்பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஐயா அவர்களே, மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்ட அரிசி ஆலை அதிபர் அவர்களே, அவர் வீட்டு அம்மா அவர்களே, மைக் செட் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. பொன்னாடைக்கு நன்றி. வெயிலுக்கு அதை மடித்து மடியில் வைத்திருக்கிறேன், தலைவர் தவறாக நினைக்கக் கூடாது.

நான் மாட்டு வைத்தியன். 34 வருசம் கால்நடைத் துறையில் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கோழிப் பண்ணைகளில் போனது. மனுசர் நோயைப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இன்றைக்கு மூன்று செய்திகள். ஒன்று, ஒரு வைரஸ். இரண்டு, அது கொண்டுவரும் ஒரு தோல் புற்றுநோய். மூன்று, வெயில்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார் எங்கள் அப்பா. காங்கேயம் காளையைப் பார்த்துச் சொன்னது. நான் எல்லாவற்றுக்கும் சொல்கிறேன். வீட்டில் நான் வாயைத் திறந்தால் பழமொழியை மனைவியே முடித்துவிடுவார். ஆனால் இந்த வைரஸுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பெயர் மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ். உங்களில் பெரும்பாலோர் தோலில் அது இப்போதே குடியிருக்கிறது. சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் தராது, அரிப்பு தராது. வாடகை கேட்காத வீட்டுக்காரர் கிடைத்த மாதிரி ஆயுசுக்கும் இருந்துவிட்டுப் போகும். சாது.

லட்சத்தில் ஒருவருக்குக்கூட அது மிரள்வது அபூர்வம், ஆனால் மிரண்டுவிட்டால் மெர்க்கல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய். 1972-இல் டோக்கர் என்ற மருத்துவர்தான் இந்தப் புற்றை முதலில் விவரித்து எழுதினார். ஏன் வருகிறது என்று 36 வருசம் யாருக்கும் தெரியவில்லை. 2008-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற கணவன் மனைவி தங்கள் ஆய்வகத்தாரோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். எப்படி? நம் வீட்டு அம்மாக்கள் முறத்தில் புடைப்பது போலத்தான். கட்டியிலிருந்து கிடைத்த சுமார் 4 லட்சம் மரபுச் செய்திகளைப் படித்து, மனிதனுடையதை எல்லாம் தள்ளினார்கள். தள்ளத் தள்ள, மனிதனுக்குச் சொந்தமில்லாத ஒரு துண்டு தங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் முழு வைரஸ். 10 கட்டிகளில் தேடியதில் 8-இல் இருந்தது.

இருந்தால் போதுமா, அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நம்மூர் வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்வாழையில் நோய் இருந்தால் பக்கக்கன்று அத்தனையிலும் இருக்கும். அதுபோல ஒரே கட்டியின் செல்கள் எல்லாவற்றிலும் வைரஸ், செல்லின் மரபணுவில் ஒரே இடத்தில் செருகியிருந்தது. அதாவது கட்டி வந்த பிறகு வந்து ஒண்டிய விருந்தாளி அல்ல, முதல் செல்லிலேயே உட்கார்ந்துவிட்டது. அதிலும் செருகிய வைரஸ் உடைந்துபோன வைரஸ். தன் இனத்தைப் பெருக்க அதனால் முடியாது, ஆனால் செல்லின் பிரேக்கைப் பிடுங்கும் பகுதி மட்டும் கெடாமல் இருக்கிறது. மிரண்ட சாது!

கோழிக்காரர்களுக்கு இது புதுசு அல்ல. மேரக்ஸ் என்றால் நாமக்கல்லில் தெரியாதவர் உண்டா? ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு கோழி படுத்துவிடும். அறுத்தால் ஈரலெல்லாம் கட்டி. அதுவும் வைரஸ் கொடுக்கும் புற்றுதான். அதனால்தான் முட்டைக்கோழிக் குஞ்சுக்குப் பொரித்த அன்றே கழுத்துத் தோலுக்கடியில் ஊசி போடுகிறோம்.

இப்போது எங்கள் மாமன் கதை. 1997. அம்மாவுடன் பிறந்தவர், எழுபது வயது, தோட்டத்து வேலையைத் தவிர வேறு தெரியாது. தை மாசம் புருவத்துக்கு மேலே பாசிப்பயறு அளவுக்குச் சிவப்பாக ஒன்று. "வண்டு கடிச்சிருக்கும் மாப்ளே" என்றார். சுண்ணாம்பு வைத்தார்கள். பங்குனியில் சுண்டைக்காய் ஆனது. "ஏனுங்க மாமா, வலிக்குதுங்களா?" என்றேன். "வலிச்சாத்தான் டாக்டர்கிட்டப் போவனே!" என்றார். சித்திரையில் நெல்லிக்காய். அத்தை அழுது, சோறு போட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அங்கே போயும் பேரம். 600 ரூபாய் கேட்டதற்கு, "கட்டி இவ்ளோ சின்னதுங்க, 400 வச்சுக்குங்க" என்றிருக்கிறார். (சிரிப்பு.) நாலு தையல். சாயங்காலமே கட்டுடன் வந்து தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

அடுத்த நாள் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், "எடுத்த சதை எங்கேங்க?" என்று கேட்டேன். கம்பவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் நேத்தே கொட்டியாச்சுங்க சார். அத வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

ஆடியில் அதே பக்கம் காதுக்குக் கீழே முடிச்சு. மார்கழியில் மாமன் இல்லை. என்ன கட்டி? இன்றுவரைக்கும் தெரியாது. நான் சொல்லும் நோயாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

கதையில் இன்னொன்று பாக்கி. கம்பவுண்டரைப் பார்த்துவிட்டு நான் அலுவலகம் திரும்பினால், வாசலில் ஒரு பண்ணைக்காரர். டிவிஎஸ் 50-இல் சிமெண்ட் சாக்கு. உள்ளே செத்த கோழி இரண்டு. "எதனால செத்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். அறுத்தேன், ஈரல் துண்டைக் கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டேன், ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கோழியின் விலை அப்போது என்ன இருக்கும்? அதற்கு ரிப்போர்ட் வந்தது. கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. மாமனுக்கு ஒரு சீட்டு இல்லை.

பிட்ஸ்பர்க்காரர்கள் தேடியது எதில்? நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்த கட்டிகளில். அவற்றையும் பேசினில் கொட்டியிருந்தால் அந்த வைரஸுக்கு இன்றுவரை பெயரே இருந்திருக்காது. நமக்கு வெள்ளைக்காரரைவிட இந்த நோய் மிகவும் அரிது, பயப்பட வேண்டாம். வயதானவர்கள், கிட்னி மாற்றிக்கொண்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். வலியில்லாமல் வேகமாக வளரும் கட்டியைச் சந்தேகப்படுங்கள். 2017-இலிருந்து அவெலுமாப் என்று எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்துகூட இருக்கிறது. ஆனால் எந்த மருந்து கொடுப்பதற்கும் முதலில் நோய்க்குப் பெயர் வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான், இதை நான் நாலு மேடையில் சொல்லியாகிவிட்டது. சின்ன ஆஸ்பத்திரியோ பெரிய ஆஸ்பத்திரியோ, மனுச உடம்பிலிருந்து வெட்டிய எந்தக் கட்டியும் குப்பைக்குப் போகக் கூடாது. இப்போது நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு வண்டி, கட்டி போட்ட பாட்டில்களைச் சேகரித்து அங்கே பரிசோதனைக்குக் கொண்டுபோனால் போதும். முட்டை வண்டி தினமும் கேரளாவுக்குப் போகிற ஊர் இது. பேரூராட்சித் தலைவர் அம்மா தலையாட்டுகிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் அமைதியானவர்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது, கலெக்டர் அலுவலகமும் கொள்ளாது. (கைதட்டல்.)

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வெயிலைப் பற்றிப் பேச நேரமில்லை, வெளியே போனால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். கலெக்டருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது; பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு பேனா காணாமல் போய்விட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்க.