வாசலில் நின்று கூப்பிட்ட பூனை

நடுவருக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் ஒரு சின்ன வணக்கம்.

ஜப்பானிய அதிர்ஷ்டச் சின்னங்கள் தெருக்கலையாகும்போது வாழ்கின்றனவா, மலிந்துபோகின்றனவா? வாழ்கின்றன என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்: "சுவரில் இருக்கிற பூனையை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியுமா? தூக்க முடியாத அதிர்ஷ்டம் யாருக்கு?"

தம்பி, கை தூக்கிக் கூப்பிடும் மானெகி நெகோ என்ற அந்த ஜப்பானிய அதிர்ஷ்டப் பூனையின் கதை தெரியுமா? டோக்கியோவில் கோதோகுஜி கோயில். அந்தக் காலத்தில் சோற்றுக்கே தாளம் போட்ட கோயில். இருக்கிற சோற்றிலும் பூனைக்குப் பங்கு வைக்கிறார் துறவி. ஒருநாள் ஹிகோனே பிரபு இயி நாவோடகா அந்த வழியாக வருகிறார். வாசலில் பூனை. கையைத் தூக்குகிறது. யாரைப் பார்த்து? பிரபுவைப் பார்த்து! அவர் ஊரையே கூப்பிட்டுப் பழகியவர். அவரைப் பூனை கூப்பிடுகிறது! அவர் நகரவில்லை. பூனையும் விடவில்லை, மறுபடி கையைத் தூக்குகிறது. 'சரி, என்னதான் வேணும் இதுக்கு?' என்று உள்ளே போகிறார். கால் வைத்தாரோ இல்லையோ, இடியும் மழையும் கொட்டித் தீர்க்கிறது. பிரபு தப்பினார், அவர் ஆதரவில் கோயிலும் பிழைத்தது.

இப்போது சொல்லுங்கள், பூனையைத் தூக்கிக்கொண்டா போனார்? அவர் வழிப்போக்கர், தம்பி! இன்றும் அங்கே பூனைப் பொம்மை வாங்கிப் போகிறவர்கள், வேண்டுதல் பலித்ததும் கோயிலிலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். தூக்கிப் போனாலும் திரும்பி வருகிறது!

ஐச்சி மாநிலத்தின் டோகோனாமே, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாலையோரக் கான்கிரீட் சுவர். நம்மூராக இருந்தால் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்று எழுதியிருப்போம். அவர்கள் 39 பீங்கான் பூனைகளைப் பதித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு கலைஞர் கைப்பட, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். மேலே 3.8 மீட்டர் உயரமுள்ள டோகோனியான் என்ற பெரிய பூனை எட்டிப் பார்க்கிறது.

அலமாரிப் பூனை வாங்கியவரை மட்டும் பார்க்கும். சுவர்ப் பூனை? வேலை தேடி ரயிலேறும் பையனைப் பார்க்கும். பேரனுக்குக் காய்ச்சல் என்று மருந்துக்கு ஓடும் பாட்டியைப் பார்க்கும். அவர்களை யார் இதுவரை 'வா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்? ஊருக்குப் போனால் வாசலில் நின்று கூப்பிட அம்மா இல்லாதவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும், எதிரணிக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பு உங்கள் கையில். கையை மட்டும் எங்கள் பக்கமாகத் தூக்குங்கள். நன்றி, வணக்கம்!