கிடங்கின் சாவி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஓயாத பணிகளுக்கிடையிலும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வட்ட வழங்கல் அலுவலர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்கு யாப்பையும் அதைவிடத் தாராளமாகப் பிரம்படியையும் வழங்கிய என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, கூரை ஒழுகிய மழைக்காலத்தில் இந்நூலகத்தின் புத்தகங்களைத் தம் வீட்டுத் திண்ணைக்குச் சுமந்து சென்று காப்பாற்றிய நூலகர் அம்மா அவர்களே, வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். வழங்கல் அலுவலர் அவர்களுக்கு மட்டும் இரண்டாம் முறையாகவும் ஒரு வணக்கம். காரணம் போகப்போக அவருக்கே விளங்கும்.

குடியேற்ற நாடுகளின் தொடக்கக்கால வாழ்க்கை என்பது எனக்குத் தந்த தலைப்பு. உலகத்துக் குடியேற்றங்களையெல்லாம் ஒரே மாலையில் அளக்க என்னிடம் மரக்கால் இல்லை. ஆகவே ஆஸ்திரேலியாவின் சிட்னியை மட்டும், அதிலும் பெரும்பாலும் அதன் முதல் ஐந்தாண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆட்சி எப்படி நடந்தது, சோறு எப்படிக் கிடைத்தது, பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற மூன்றையும் சொல்ல எண்ணம்.

இங்கிலாந்தின் சிறைகள் நிரம்பி வழிந்தன. கைதிகளை முன்பு அனுப்பிவந்த அமெரிக்கக் குடியேற்றங்களோ விடுதலைப் போருக்குப் பிறகு கைவிட்டுப் போயின. எனவே 1787 மே மாதம் 11 கப்பல்கள் புறப்பட்டன. எழுநூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள், அவர்களைக் காக்கக் கடற்படைச் சிப்பாய்கள், இவர்களுக்கெல்லாம் தலைவராக ஆர்தர் ஃபிலிப் என்ற ஆளுநர். 1788 ஜனவரி 26 அன்று சிட்னித் துறையில் கொடி ஏற்றினார்கள். அந்த மண் ஆளில்லா மண் அன்று. வேலி போடாமலேயே எது எவருடைய நிலம் என்று தெளிவாக அறிந்திருந்த இயோரா மக்கள் காலங்காலமாக அங்கே மீன்பிடித்து வாழ்ந்தார்கள். வந்தவர்கள் வலைபோட்டு அவர்களுடைய மீனையும் அள்ளினார்கள். 1789 ஏப்ரலில் பரவிய பெரியம்மையில் அப்பகுதியின் பூர்வகுடிகளில் பாதிப்பேர் மாண்டிருக்கலாம் என்று ஃபிலிப்பே கருதினார். குடியேற்றத்தின் பெருமை பேசுவோர் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவது வழக்கம்.

ஆட்சி என்றால் அங்கே ஒரே மனிதர்தான். நிலம் கொடுப்பதும் தண்டனையைக் குறைப்பதும் படியளப்பதும் ஆளுநரே. அவருக்கு ஆலோசனை கூற ஒரு சட்டமன்றக் குழு அமைந்ததே 1824இல்தான். ஆனால் என் கருத்தில் அந்த ஊரின் உண்மையான அரண்மனை ஆளுநர் மாளிகை அன்று, உணவுக் கிடங்கு. ஊர் முழுவதும் அந்தக் கிடங்கிலிருந்துதான் உண்டது. கொடி ஏற்றி ஒரு மாதம் நிறைந்த மறுநாளே, பிப்ரவரி 27 அன்று, அங்கிருந்து உணவு திருடியதற்காகத் தாமஸ் பாரெட் என்ற கைதியைத் தூக்கிலிட்டார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்பது நம் பழமொழி. இதை நான் மேடைதோறும் சொல்வதாக நண்பர்கள் கேலி செய்வதுண்டு. சிட்னியில் இது பழமொழியாக அன்றி, நடப்பாகவே நடந்தது.

1789 மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை. கிடங்குக் கண்காணிப்பாளர் வழக்கம்போல் வந்து கதவைப் பார்க்கிறார். பூட்டுத் தொங்குகிறது, கதவும் மூடியிருக்கிறது, குறை ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால் பூட்டின் வாய்க்குள் ஒடிந்த சாவியின் பல் ஒன்று சிக்கிக் கிடக்கிறது. அவர் கூச்சல் போடவில்லை, கைதிகளின் குடிசைகளைச் சோதனையிடவும் ஓடவில்லை. ஒடிந்த துண்டை எடுத்துக்கொண்டு நேரே கொல்லன் பட்டறைக்குப் போனார். கொல்லனும் கைதிதான், ஆனால் கைத்தேர்ச்சி உள்ளவன், அந்த ஊரின் இரும்பு வேலையில் பெரும்பகுதி அவன் கையில்தான் நடந்தது. துண்டைப் பார்த்ததும் அவன் சொல்லிவிட்டான்: இது சிப்பாய் ஹன்ட்டின் சாவி, மாற்றி அமைத்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். ஹன்ட்டைப் பிடித்து உலுக்கியதும் கதை முழுவதும் கொட்டியது. கிடங்குக் கதவுகளுக்குக் கள்ளச் சாவி செய்துவைத்து, தங்களில் ஒருவனுக்குக் கிடங்குக் காவல் முறை வரும் இரவுகளில் உள்ளே புகுந்து, மாவும் இறைச்சியும் சாராயமுமாகப் பல மாதங்களாக அள்ளிக்கொண்டிருந்தது ஒரு சிப்பாய்க் கூட்டம். காவல் நின்றவனே கதவைத் திறந்துவிட்டால் கேட்பார் யார்? ஹன்ட் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். மற்ற 6 பேரும் மார்ச் 27 அன்று தூக்கிலேறினார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவனோ, திருடன் என்று நாடு கடத்தப்பட்ட ஒரு கைதி!

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் கைதிகளிலேயே 12 பேரைத் தேர்ந்தெடுத்து இரவுக் காவலுக்கு நியமித்தார். அவர்கள் சிப்பாய் ஒருவனையும் தடுத்து நிறுத்தியபோது, கைதி வந்து எங்கள் ஆளை மறிப்பதா என்று படைத்தலைவர் ராஸ் சீறினார். ஆளுநர் உத்தரவைத் தளர்த்த நேர்ந்தது. வேலிக்குத் தன்மானம் அதிகம்.

இனிச் சோறு. 1790 மார்ச் 19 அன்று, குடியேற்றத்தின் கையிலிருந்த பெரிய கப்பலான சிரியஸ், அதன் கிளைக் குடியேற்றம் இருந்த நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. இங்கிலாந்திலிருந்து உதவி வந்தபாடில்லை. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு இரண்டரைப் பவுண்டு மாவு, 2 பவுண்டு அரிசி, 2 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி என்று படி குறைந்தது. வாட்கின் டென்ச் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்: இறைச்சி உப்பிட்டு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்ததால் வேகவைத்தால் பாதியாகச் சுருங்கிவிடும், அதனால் துண்டை முள்கரண்டியில் குத்தி நெருப்பில் வாட்டி, சொட்டும் கொழுப்பை ஒரு தட்டுச் சோற்றில் ஏந்திக்கொள்வார்களாம். அரிசியின் ஒவ்வொரு மணியும், உள்ளே குடியிருந்த பூச்சியால், தானே நகர்வதுபோல் தோன்றுமாம்.

அப்போது ஃபிலிப் தமக்கே சொந்தமான சுமார் 150 கிலோ மாவைப் பொதுக் கிடங்கில் சேர்த்துவிட்டு, பொதுப்படிக்கு மேல் எதுவும் தம் மேசைக்கு வர வேண்டாம் என்றார். ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்களும் தங்கள் ரொட்டியைத் தாங்களே கொண்டுபோனார்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் அஞ்ச வேண்டாம். இன்றைய சிற்றுண்டி வாசகர் வட்டத்தின் செலவு. 1792 ஜூனில் அட்லான்டிக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து அரிசியும் பருப்பும் கொண்டுவந்து சேர்த்தது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஆண்டு இறுதியில் ஃபிலிப் ஊர் திரும்பினார். அதன்பின் படை அதிகாரிகள் வரும் கப்பல் சரக்கை மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்றதும், சாராயமே கூலியாகவும் நாணயமாகவும் புழங்கியதும், 1808இல் அதே படை ஆளுநர் பிளையையே சிறைவைத்ததும் நீண்ட கதை. எனக்கு அதில் ஒன்றுதான் முக்கியம்: ஃபிலிப் இருந்தவரை யாருக்கு எவ்வளவு என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு.

வழங்கல் அலுவலர் அவர்களுக்கு மீண்டும் வணக்கம். ஒரு நியாயவிலைக் கடையில் நான் வாங்கிய சர்க்கரையை வீட்டில் நிறுத்தேன். கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைந்தது. கேட்டதற்கு, சாக்கு எடை என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே கோரிக்கைதான். ஒவ்வொரு கடையிலும் அன்றன்று வந்த மூட்டை எத்தனை, இருப்பு எத்தனை என்று வாசல் பலகையில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி எழுத வேண்டும். மூட்டையை மக்கள் முன்னால் எடைபோட்டு இறக்க வேண்டும். கிராம சபையில் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். வேலியைச் சந்தேகிப்பதாக யாரும் வருந்த வேண்டாம். பயிர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கத்தான் கேட்கிறோம்.

பெண்களைப் பற்றிச் சொல்வதாகத் தொடங்கினேன். தலைவர் அவர்கள் மணியைத் தொட்டுவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு ஓர் அழைப்பு வேண்டும். நியாயவிலைக் கடைக் கணக்கைக் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். சென்ற கூட்டத்தில் இரண்டு பேனாக்கள் காணாமல் போயின. இம்முறை பேனாவை நூல்கொண்டு மேசைக்காலில் கட்டி வைத்திருக்கிறேன்.